திருகோணமலை கிரிக்கெட் வீரர்களுக்கு உடற்தகுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலை அணியிலோ கழகத்திலோ கடினப்பந்து ஆடுகிற 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், அவர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கும், பின்னேரம் மைதானத்து மதிலோரம் காத்து நிற்கிற பெற்றோருக்கும் இந்தப் பக்கம். எங்கள் ஊரில் காயங்கள் பெரும்பாலும் ஓடாததால் வருவதில்லை. சும்மா கிடந்த உடம்பை ஒரே கிழமையில் முழு வேலைக்கு இழுப்பதால்தான் வருகின்றன. வாடை மழைக்கு மைதானம் குளமாகக் கிடக்கும். தை பிறந்து தரை காய்ந்ததும் எல்லோரும் ஒரே நாளில் பந்தைத் தூக்குவார்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே போகும்.

தினமும் காலையில் டச்பே கடற்கரையில் ஓடுகிறேன். அது போதாதா?

மூச்சுக்கு நல்லது, கிரிக்கெட்டுக்குப் போதாது. ஒருநாள் போட்டியில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் போகிறார். அதில் பெரும்பகுதி நடைதான். மிச்சம் எல்லாம் 15, 20 மீற்றர் பாய்ச்சல், சடாரென நிற்பது, திரும்புவது. அந்தப் பாய்ச்சலைப் பழகாதவருக்கு எவ்வளவு மூச்சு இருந்தும் இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பும்போது கால் வராது.

மணலில் ஓட, அதே வேகத்தில் தரையில் ஓடுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். கெண்டைக்கால் பலப்படும், மூட்டில் அதிர்வும் குறையும். ஆனால் கால் புதைந்து புதைந்து எழும்புவதால் பாதம் நிலத்தில் நிற்கும் நேரம் கூடுகிறது. வேகம் என்பது அந்த நேரத்தைக் குறைப்பதுதான். ஆகவே பாய்ச்சல் பயிற்சியைப் புல்தரையில் வையுங்கள், மணலைக் கிழமைக்கு இரண்டு நாள், 20 முதல் 25 நிமிடத்துக்கு மட்டும் வையுங்கள்.

கரை சரிவானது என்பதையும் மறக்கவேண்டாம். ஒரே திசையில் ஓடினால் கடல் பக்கக் கால் எப்போதும் பள்ளத்தில் விழும். முழங்காலின் வெளிப்பக்கம் நோ வந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். போன தூரத்துக்குத் திரும்பி வாருங்கள், அலை நனைத்த கெட்டி மணலில் சமமான பட்டையைத் தேடுங்கள். வெறுங்காலில் ஓட ஆசையென்றால் 5 நிமிடத்தில் தொடங்குங்கள், முதல் நாளே அரை மணி ஓடினால் குதிக்கால் நாண் ஒரு மாதம் பழிவாங்கும். போத்தல் உடைசலும் தூண்டில் கொக்கியும் கிடக்கிற இடம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2 கிலோமீற்றர் ஓட்டம், யோ-யோ: எதற்குத் தயாராக வேண்டும்?

இலங்கை தேசிய அணி உடற்தகுதிச் சோதனையாக 2 கிலோமீற்றர் ஓட்டத்தை வைத்தது. நேர எல்லை முதலில் 8 நிமிடம் 35 செக்கன், 2022இல் 8 நிமிடம் 10 செக்கன். 8:10 என்றால் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 24.5 செக்கன், 400 மீற்றருக்கு 98 செக்கன். சுற்றுப்பாதை இல்லாத மைதானத்தில் அளவு நாடாவால் 100 மீற்றர் அளந்து இரண்டு முனையிலும் கல் வையுங்கள். திரும்பித் திரும்பி ஓடும்போது சில செக்கன் கூடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

எல்லோரும் விடும் பிழை முதல் 400 மீற்றரை 85 செக்கனில் ஓடுவது. கடைசி இரண்டு சுற்றில் அந்த 13 செக்கனும் வட்டியோடு திரும்பிப் போகும். பயிற்சி: 400 மீற்றர் 5 தடவை, உங்கள் இலக்கு வேகத்தில், இடையில் 90 செக்கன் நடை. ஐந்தும் ஒரே நேரத்தில் முடிந்தால் அடுத்த கிழமை ஓய்வை 75 செக்கனாகக் குறையுங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள்.

யோ-யோ சோதனை வேறு மாதிரி. 20 மீற்றர் போய், திரும்பி 20 மீற்றர் வந்து, 10 செக்கன் ஓய்வு. பீப் ஒலி வரவர வேகம் கூடும். 2018இல் இந்திய அணி கேட்டது 16.1 என்ற நிலை. அந்த நிலை முடியும்போது மொத்தம் 1120 மீற்றர் ஓடியிருப்பீர்கள். பலர் அதில் தோற்பது மூச்சினால் அல்ல, திரும்பும் இடத்தில். கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு அதிகம் ஓடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே காலில் திரும்புகிறார்கள். கோட்டுக்கு முன்னால் மூன்று குறுகிய எட்டு, இடுப்பைத் தாழ்த்தி, இடதும் வலதும் மாறி மாறித் திரும்பிப் பழகினாலே ஒரு சில ஓட்டம் கூடும். துடுப்பாட்டத்தில் இரண்டாவது ஓட்டம் எடுப்பதும் இதே வித்தைதான். கோட்டிலிருந்து கோட்டுக்கு 17.68 மீற்றர். காலில் பாட் கட்டி, மட்டையோடு மூன்று ஓட்டம் ஓடி நேரம் பாருங்கள். பாட் இல்லாமல் ஓடிய நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி அதிகமென்றால் திரும்பலில்தான் வேலை இருக்கிறது.

மழை மாதங்களில் என்ன செய்வது?

பலம் கூட்ட அதைவிட நல்ல காலம் இல்லை. ஜிம் தேவையில்லை. 10 கிலோ ஆற்றுமணலை மா பையில் கட்டிப் பழைய பாடசாலைப் பைக்குள் போட்டால் அதுவே பாரம். கிழமைக்கு இரண்டு நாள், இடையில் 48 மணி நேரம்:

பின்கால் கதிரையில், முன்கால் தரையில் வைத்துக் குந்தி எழும்புதல், ஒவ்வொரு காலுக்கும் 8, மூன்று தடவை. படியில் ஒற்றைக் குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துதல், 15, மூன்று தடவை. பக்கவாட்டில் முழங்கையூன்றிப் படுத்து இடுப்பை உயர்த்திப் பிடித்தல், 30 முதல் 45 செக்கன், இரு பக்கமும். தண்டால். சைக்கிள் ரியூப்பை யன்னல் கம்பியில் மாட்டி நெஞ்சுக்கு இழுத்தல், 12, மூன்று தடவை. எல்லோரும் தண்டால் எடுப்பார்கள், இழுப்பதை விடுவார்கள். தோள் நோவோடு வரும் பந்துவீச்சாளர்களில் நெஞ்சு பெருத்து முதுகு மெலிந்தவர்கள்தான் அதிகம்.

மழை விட்ட இடைவெளியில் சீமெந்துத் தரையிலாவது கிழமைக்கு 30, 40 பந்து வீசுங்கள், முழு வேகம் வேண்டாம். எலும்பு பந்துவீச்சை முற்றாக மறக்காமல் இருக்க அது போதும்.

வேகப்பந்து வீச்சாளர் ஒரு கிழமைக்கு எத்தனை பந்து வீசலாம்?

16, 17 வயதில், மழைக்குப் பிறகு தொடங்கும் ஒருவருக்கு நாங்கள் சொல்லும் கணக்கு: முதல் கிழமை மூன்று நாள், நாளுக்கு 4 ஓவர், மொத்தம் 72 பந்து. பிறகு கிழமைக்கு 18 பந்தாகக் கூட்டி 90, 108, 126, 144. வலைப்பயிற்சியில் வீசுவதும் கணக்கில் வரும். அதைத்தான் யாரும் எண்ணுவதில்லை. போட்டியில் 8 ஓவர் என்று புத்தகத்தில் இருக்கும், முதல் நாள் வலையில் மூன்று துடுப்பாட்டக்காரருக்கு 90 பந்து வீசியது எங்கும் இருக்காது.

ஒரு கொப்பித்தாள் போதும். திகதி, எத்தனை பந்து, உடம்பு எவ்வளவு களைத்தது என்று பத்துக்கு ஒரு புள்ளி. கடந்த நான்கு கிழமைச் சராசரியை எடுங்கள். இந்தக் கிழமை அதில் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஆபத்து. மேலே சொன்ன முதல் நான்கு கிழமையின் சராசரி 99, ஐந்தாம் கிழமை 144, வரம்புக்குள் நிற்கிறது. முதல் கிழமையிலேயே 144 வீசியவருக்கு அன்று ஒன்றும் தெரியாது. நோ மூன்று, நான்கு கிழமை கழித்து வரும், அப்போது எல்லோரும் நேற்று விழுந்ததைக் குற்றம் சொல்வார்கள்.

ஒரு நாளுக்கான எல்லைக்கு இங்கிலாந்து கிரிக்கெட் சபை நீண்ட காலம் வைத்திருந்த அளவு நல்ல வழிகாட்டி: 13 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு ஸ்பெல்லில் (தொடர்ந்து வீசும் ஒரு முறையில்) 5 ஓவர், நாளுக்கு 10. 15 வயதுக்குட்பட்டோருக்கு 6, 12. 19 வரை 7, 18. சீமெந்தில் பாய் விரித்த ஆடுகளம் என்றால் இன்னும் குறையுங்கள். முன்கால் ஊன்றும் கணத்தில் உடல் எடையின் ஐந்து மடங்குக்கு மேல் விசை ஏறுகிறது. புல்தரை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், சீமெந்து அப்படியே திருப்பித் தரும்.

மகனுக்கு நாரி நோ. தைலம் பூசினால் போய்விடுமா?

பூசிப் பார்க்கிற நோவும் உண்டு, பார்க்கக் கூடாத நோவும் உண்டு. நாரி முழுக்கப் பிடித்தாற்போல் இருந்து, இரண்டு மூன்று நாளில் தளர்ந்தால் தசை. ஒரே பக்கம், அதுவும் வலக்கைப் பந்துவீச்சாளருக்கு இடப்பக்கம், விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில், பின்னால் வளைந்தால் கூடுகிறதென்றால் உடனே பந்துவீச்சை நிறுத்துங்கள். ஒற்றைக் காலில் நிற்க வைத்து மெல்லப் பின்னால் வளையச் சொல்லுங்கள். அதே இடத்தில் குத்தினால் முள்ளந்தண்டின் கீழ் எலும்பில் அழுத்த வெடிப்பு இருக்கலாம்.

தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. 'எக்ஸ்ரே சரி, விளையாடலாம்' என்று திரும்பி வந்து வீசுவதில்தான் சின்ன வெடிப்பு முழு முறிவாகிறது. எம்.ஆர்.ஐ தேவையா என்று வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள், பந்துவீச்சாளர் என்பதையும் சொல்லுங்கள். உறுதியானால் பந்துவீச்சுக்கு மூன்று முதல் ஆறு மாதம் விடுமுறை. கசப்புத்தான், ஆனால் 17 வயதில் ஒரு பருவத்தை இழப்பது வேறு, வீச்சையே இழப்பது வேறு.

காரணம் வேலைச்சுமை மட்டுமல்ல. இடுப்பு பக்கவாட்டிலும் தோள் முன்னோக்கியும் திரும்பி நிற்கிற கலப்பு வீச்சில் நாரி முறுக்கப்படுகிறது. கைத்தொலைபேசியில் நேர் பின்னாலிருந்து மெதுவான வேகத்தில் படம் எடுத்து, பின்கால் ஊன்றும்போது இடுப்பும் தோளும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று பாருங்கள். எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் ஆடலாமா?

ஆடலாம், தடுத்தாலும் ஆடத்தான் போகிறார்கள். இரண்டு சங்கதி: ஒரே நாளில் நான்கு ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மணி நேரம் மர நிழலில் குந்தியிருந்துவிட்டு நேரே களத்தில் இறங்குவது. தொடை பின்தசை கிழிவது அங்கேதான். இரண்டாவது, பந்து இலேசு. எவ்வளவு பலமாக எறிந்தாலும் தூரம் போகாது, அதனால் இன்னும் பலத்தைப் போடுவார்கள், தோளும் முழங்கையும் கணக்குக் கொடுக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் 5 நிமிடமாவது உடம்பைச் சூடாக்குங்கள். அந்த நாளின் பந்துகளையும் கொப்பித்தாளில் ஏற்றுங்கள்.

தொடையின் பின்தசை அடிக்கடி இழுத்துக்கொள்கிறது. ஏன்?

ஒரு தடவை கிழிந்தது முழுதாக ஆறாமல் ஓடியதால். நடக்க நோ இல்லை என்பது குணமானதற்கு அடையாளமல்ல. முழு வேகத்தில் 20 மீற்றர் ஆறு தடவை ஓடி, திரும்பி, மறுநாளும் நோ இல்லாவிட்டால்தான் ஆட்டம்.

தடுக்க ஒரு பயிற்சி இருக்கிறது, காயத்தைப் பாதியளவு குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியது: நோர்டிக். சாக்கை மடித்து அதன்மேல் முழந்தாளிடுங்கள். நண்பர் பின்னால் குந்தி இரண்டு கணுக்காலையும் நிலத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். முழங்காலிலிருந்து தலைவரை பலகைபோல் நேராக வைத்து, மூன்று நான்கு செக்கன் எடுத்து முன்னால் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றி விழுந்து, கையால் தள்ளித் திரும்புங்கள். முதல் கிழமை ஒரு நாள் மட்டும், தடவைக்கு 5 வீதம் 2 தடவை. இரண்டாம் கிழமை இரண்டு நாள், 6 வீதம் 2 தடவை. மூன்றாம் கிழமை மூன்று நாள், 6 முதல் 8 வீதம் 3 தடவை. இடுப்பை மடித்துப் பின்பக்கத்தைப் பின்னால் தள்ளினால் சுலபமாக இருக்கும், பயனும் இருக்காது. முதல் தடவை செய்தபின் இரண்டு நாள் கக்கூசில் குந்துவதே கஷ்டம் என்பதால் போட்டிக்கு முந்திய இரு நாளும் தொடங்கவேண்டாம்.

வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

ஆளுக்கு ஆள் வேறுபடும், தராசு சொல்லும். பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்த்த உடுப்பைக் கழற்றி நிறுங்கள். முன்பு 62 கிலோ, இரண்டு மணி நேரத்துக்குப் பின் 60.6, இடையில் குடித்தது 1 லீற்றர் என்றால் வியர்வை 2.4 லீற்றர், மணிக்கு 1.2. இழந்த 1.4 கிலோ உடல் எடையில் 2 வீதத்தைத் தாண்டிவிட்டது. அந்த அளவில் ஓட்டமும் கவனமும் இறங்கத் தொடங்கும். அடுத்த சில மணி நேரத்தில் இழந்ததன் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு, அதாவது 1.75 முதல் 2.1 லீற்றர், சாப்பாட்டோடு சேர்த்துக் குடியுங்கள். ஆட்டத்துக்கு நடுவே 15 நிமிடத்துக்கு ஒரு தடவை 200 மில்லி. எடை கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறீர்கள், அதுவும் ஆபத்து.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏமாற்றம் அதிகம். காய்ந்த சூட்டுக்காற்று வியர்வையை வந்த உடனே உலர்த்திவிடும், உடம்பு நனையவில்லையே என்று குடிக்காமல் விடுவார்கள். தொப்பியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைக் கோடாக உப்புப் படிந்தால் உங்களுக்கு வெறும் தண்ணீர் போதாது. 1 லீற்றர் தண்ணீரில் 50 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய் பிழிந்தால் மலிவான விளையாட்டுப் பானம். செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள்.

ஒருவர் உளற, தள்ளாட, சொன்னது விளங்காமல் நிற்கத் தொடங்கினால் அது களைப்பல்ல. நிழலுக்கு இழுத்து, சப்பாத்தையும் உடுப்பையும் கழற்றி, ஐஸ் தண்ணீரில் இருத்துங்கள், முடியாவிட்டால் வாளி வாளியாக ஊற்றுங்கள். குளிராக்கல் முதலில், ஏற்றிப்போவது அதன்பிறகு. ஒருவர் குளிராக்க, மற்றவர் 1990க்கு அழைக்கட்டும். மீனுக்கு ஐஸ் விற்கிற ஊரில் போட்டி நாளன்று ஒரு பெட்டி ஐஸ் மைதானத்தில் இல்லாதிருப்பதற்குச் சாக்கு இல்லை.

சாப்பாடு?

காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் சோறு, இரவு மறுபடி பிட்டு. மாப்பொருள் தாராளம், புரதம் மத்தியானத்தில் மட்டும். 60 கிலோ வீரருக்கு நாளுக்கு 95 கிராம் அளவில் புரதம் வேண்டும். முட்டையில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 22 அளவு, ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7, உலர்ந்த சோயா 50 கிராமில் 25. காலையில் இரண்டு முட்டை, இரவில் சூரை மீனோ கீரி மீனோ ஒரு துண்டு என்று மாற்றினாலே குறை பாதி தீரும். முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி வளர்கிற எலும்புக்கு மலிவான சுண்ணாம்புச் சத்து.

போட்டி நாளில் மூன்று மணி நேரம் முன்னதாக இடியப்பமும் சொதியும் முட்டையும், ஒரு மணி நேரம் முன்னதாக ஒரு வாழைப்பழம். முதல் நாள் இரவு கொத்துரொட்டி வேண்டாம்.

நோன்புக் காலத்தில் கிண்ணியா, மூதூர் வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்வது?

நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். பலப் பயிற்சியும் பாய்ச்சலும் நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து. பகலில் செய்வதென்றால் நோன்பு திறக்க முந்திய 40 நிமிடத்தில், இலேசான பந்துபிடி, வீச்சு ஒழுங்கு மட்டும். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் (விடியலுக்கு முந்திய சாப்பாடு) வரை 2.5 முதல் 3 லீற்றர் பிரித்துக் குடியுங்கள், சஹரில் ஒரேயடியாகக் குடிப்பது சலமாகப் போய்விடும். அந்த மாதப் பந்துக் கணக்கு வழமையின் பாதி, பெருநாளுக்குப் பின் முழு அளவுக்கு வர மூன்று கிழமை. பெருநாளுக்கு மறுநாள் போட்டி வைக்கும் ஏற்பாட்டாளர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

விக்கெட் காப்பாளருக்குத் தனியாக ஏதும் உண்டா?

50 ஓவர் என்றால் குறைந்தது 300 தடவை குந்தி எழும்புகிறார். கதிரையில் ஒரு காலை வைத்துப் பக்கவாட்டில் தொங்கி, கவட்டுத் தசைக்கு 8 வீதம் 2 தடவை. முழுக் குந்தலில் குதிக்கால் நிலத்தில் படாவிட்டால் கெண்டைக்கால் இறுக்கம், அதை முதலில் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் பாரம் முழங்காலுக்குப் போகும்.

வீராங்கனைகளுக்கு?

பயிற்சி அதே, கவனம் இரண்டு இடத்தில். பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடிந்தால் முழங்காலுக்குள் இருக்கும் நாண் அறுகிற வாய்ப்பு அதிகம், கண்ணாடி முன் இறங்கிப் பழகுங்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் அதை வசதி என்று விடாமல் வைத்தியரைப் பாருங்கள். செய்கிற வேலைக்குச் சாப்பாடு போதவில்லை என்று பொருளாக இருக்கலாம், அப்படியென்றால் அடுத்தது எலும்பு வெடிப்பு. இரும்புச் சத்துக்குக் கீரையில் தேசிக்காய் விடுங்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி அதை உறிஞ்ச விடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

புரத மா, நோக் குளிசை, நாட்டு மருந்து?

புரத மா கட்டாயமில்லை. நோக் குளிசை போட்டுக்கொண்டு ஆடவே கூடாது: எலும்பு நோவை மறைக்கும், நீர் வற்றிய உடம்பில் டைக்ளோபெனாக் போன்ற குளிசை சிறுநீரகத்தைத் தாக்கும். மூலிகை என்றால் பாதிப்பில்லை என்று நம்ப வேண்டாம். 2011இல் உபுல் தரங்க தோள் காயத்துக்கு எடுத்த மூலிகை மருந்தால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி மூன்று மாதம் தடைபெற்றார். பெயரும் உள்ளடக்கமும் எழுதாத எதையும் வாயில் போடாதீர்கள்.

ரியூசனால் நித்திரை கிடைப்பதில்லை. அதிகாலைப் பயிற்சியை விடலாமா?

விடலாம். ஐந்து மணி நேரம் நித்திரைகொண்டவரை 5 மணிக்கு எழுப்பி ஓடவைப்பதில் பயனில்லை. 8 மணி நேரத்துக்குக் குறைந்த நாளில் பாய்ச்சலை வெட்டுங்கள், பந்தைப் பாதியாக்குங்கள்.

போட்டிக்கு முன் உடம்பைச் சூடாக்க எவ்வளவு நேரம்?

20 நிமிடம். 5 நிமிடம் இலேசான ஓட்டம், 5 நிமிடம் காலையும் இடுப்பையும் ஆட்டி நீட்டல், பிறகு 20 மீற்றர் பாய்ச்சல் ஐந்து: 60 வீதம், 70, 80, 90, முழு வேகம். ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நீட்டுவது தசையின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், அதை ஆட்டம் முடிந்தபின் செய்யுங்கள். பந்துவீச்சாளர் கடைசியாக 8 முதல் 12 பந்து. பந்தெறிதல் 15 மீற்றரில் தொடங்கித் தூரத்தைக் கூட்டுங்கள். வந்த உடனே எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து காட்டுகிறவர் அடுத்த கிழமை ஸ்லிப்பில்தான் நிற்பார், தோளைப் பிடித்துக்கொண்டு.